அடுப்பில் எரிந்த நியமனம்

நெஸ்தோர் சமையலறைக்குள் வந்தபோது, அவனை மேலாளராக்கிய நியமனக் கடிதம் அடுப்பில் பாதி எரிந்திருந்தது. மக்காச்சோளக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்த எதெல்வினா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அம்மா! என்ன காரியம் பண்ணிட்டே? இன்னிக்கு அதைப் பதிவு பண்ணணும்னு பெரியப்பா சொன்னாரே!”

“தெரிஞ்சுதான் போட்டேன்.”

“அப்பா போனதுலேருந்து தோல் பட்டறைக்கு உன் கையெழுத்துதான். இன்னும் நாற்காலி ஆசை விடலையா? பெத்த பிள்ளைக்குக்கூட விட்டுக்கொடுக்க மனசு வரலையே…”

மருமகள் யாதிரா நிறைமாத வயிற்றைப் பிடித்தபடி நிலையருகே நின்றாள். “விடுங்க… முதலாளியம்மா பட்டம் போயிடும்னு அத்தைக்குப் பயம்.”

எதெல்வினாவின் கண் நிறைந்தது. பட்டமாம், பட்டம்! கணவரின் அண்ணன் ஃபாஸ்தோ நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டதைத் தவிர அவள் கண்ட சுகம் ஒன்றுமில்லை. அம்பாத்தோ நகரில் அந்தப் பட்டறையை ஆட்டிவைத்தவர் அவர்தான். ஆனால் எந்தத் தாளிலும் அவர் பெயர் இராது. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்!

முந்தாநாள் கழிவுக் குழியில் இறங்கிய செகுந்தோ என்ற தொழிலாளி, விஷக்காற்றில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அன்று மாலையே ஃபாஸ்தோ, தம்பி மகனை மேலாளராக்கிக் கடிதம் எழுதி, போன மாதத் தேதியைப் போட்டுவிட்டார். நெஸ்தோர் பூரித்துப்போனான். பெற்றவளோ அந்தத் தேதியையே திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

கதவு தட்டப்பட்டது. போலீசாருடன் ஒரு விசாரணை அதிகாரி; பின்னாலேயே ஃபாஸ்தோ.

“செகுந்தோ விடியக்காலம் இறந்துட்டார். கம்பெனி சார்பா கையெழுத்துப் போடுறது யாரு?” என்று கேட்டார் அதிகாரி.

ஃபாஸ்தோ முந்திக்கொண்டார். “இதோ, என் தம்பி மகன்தான் சார். போன மாசமே மேலாளர் ஆயாச்சு!”

நெஸ்தோருக்கு முகம் வெளுத்தது. “பெரியப்பா… முந்தாநாள்தானே…”

“நியமனக் கடிதம் எங்கே?” என்றார் அதிகாரி.

“அப்படி எதுவும் இல்லைங்க,” என்றாள் எதெல்வினா, கையைத் துடைத்தபடி. “பதிவுல இருக்கறது என் பேரு. குழியில விஷக்காத்தை வெளியேத்துற காத்தாடி ஓடுதுன்னு கையெழுத்துப் போட்டதும் நான்தான். ஓடலைன்னு தெரிஞ்சேதான் போட்டேன். அந்தப் பாவம் என்னோடது… என் பிள்ளையோடது இல்ல! போடச் சொன்னது யாருன்னு ஸ்டேஷனுக்கு வந்து சொல்றேன்.”

ஃபாஸ்தோ வாசல் பக்கம் ஓரடி பின்வாங்கினார்.

“அம்மா!” நெஸ்தோர் அவள் காலைக் கட்டிக்கொண்டு கதறினான். “ஏம்மா என்கிட்ட சொல்லலே?”

“சொன்னா அவர்கிட்டயே போய்க் கேட்டிருப்பேடா. அவர் சிரிச்சுக்கிட்டே பேனாவை நீட்டியிருப்பார்.”

“அத்தை… என் நாக்கு அழுகிப்போக!” யாதிராவும் அழுதாள். எதெல்வினா இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள். பிறகு, ஆணியில் தொங்கிய கம்பளிச் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

வாசலில் ஒருமுறை நின்றாள்.

“செகுந்தோ பொண்டாட்டி வீட்டுக்குப் போ. பெரியப்பாவைக் கூட்டிட்டுப் போகாதே. எங்கம்மாதான் கையெழுத்துப் போட்டாங்கன்னு உன் வாயாலேயே சொல்லு. அவ அடிச்சா, வாங்கிக்கோ.”

அதிகாரி கார்க் கதவைத் திறந்தார். அவள் ஏறி உட்கார்ந்தாள்.