சௌந்தரவல்லி போட்ட பூட்டு

"அதை அங்கேயே வச்சுட்டுப் போம்மா. உன் கையால காப்பி வாங்கிக் குடிக்க எனக்கு மனசு வரல."

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான் மகன் ரஞ்சித்குமார். நீட்டிய டம்ளரோடு சௌந்தரவல்லி அப்படியே நின்றாள். எட்டு நாளாக அந்த வீட்டில் பொழுது இப்படித்தான் விடிகிறது. மகள் சந்திரலேகா அழுது வீங்கிய முகத்தோடு அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தாள். கூடத்து நாற்காலியில் கணவர் தெட்சிணாமூர்த்தி பேப்பரை விரித்து முகத்தை மறைத்திருந்தார். அரை மணி நேரமாக ஒரு பக்கம்கூடப் புரளவில்லை.

"இன்னிக்குத் திருநள்ளாறு போறோம். சம்மந்தி வரச் சொல்லியிருக்கார். கால்ல விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுரு. இல்லேன்னா சந்திரா கல்யாணம் நின்னு போச்சுன்னு வச்சுக்க!"

"கேக்குறேன் தம்பி."

"கட்டுன புருஷனை அறையில போட்டுப் பூட்டி, சாவியையும் எடுத்துக்கிட்டு, நாள் பூரா காரைக்கால்ல உனக்கு என்னம்மா வேலை? அவங்க தேதி குறிக்க வந்து நின்னா, உள்ளேருந்து அப்பா அழுவுற சத்தம் கேக்குது! ஏன் பூட்டுனேன்னு ஒரு வார்த்தை சொல்லேன்... வாயில என்ன கொழுக்கட்டையா?"

சௌந்தரவல்லி கணவரைப் பார்த்தாள். பேப்பர் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது. அவ்வளவுதான்.

"கோவத்துல பூட்டிட்டேன்பா" என்றாள்.

கோபமாவது, மண்ணாவது! அன்று அவளுக்கு இருந்ததெல்லாம் பயம்தான்.

தெட்சிணாமூர்த்தி காரைக்காலில் அரசாங்க அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகாரி போன் செய்தால், வீட்டில் இருந்தாலும் எழுந்து நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டுதான் "சொல்லுங்க சார்" என்பார். போதாக்குறைக்கு, ஏழரைச் சனி நடக்கிறது, அரசாங்கத் தொல்லை வரும் என்று ஜோசியர் வேறு சொல்லியிருந்தார். சனிக்கிழமை தவறாமல் திருநள்ளாறு போய் எள் விளக்குப் போட்டும், பயந்த தொல்லை வியாழக்கிழமை காலையில் வீடியோ போனில் வந்து சேர்ந்தது.

பிள்ளைகள் வேலைக்குப் போயிருந்தார்கள். கொல்லையில் துணி உலர்த்திவிட்டு வந்த சௌந்தரவல்லி அறைக்குள் எட்டிப் பார்த்துத் திகைத்துப் போனாள். அலமாரியில் சாய்த்து வைத்த போனுக்கு முன்னால் அவர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். கன்னமெல்லாம் கண்ணீர். திரையில் போலீஸ் உடுப்பில் ஒருவன் அதட்டிக்கொண்டிருந்தான். அவருடைய ஆதாரை வைத்து யாரோ போதைப்பொருள் அனுப்பியிருக்கிறார்களாம். அதற்காக அவரைக் கைது செய்தாகிவிட்டதாம். போனை அணைக்கக் கூடாது, பெண்டாட்டி பிள்ளையிடம் மூச்சு விடக் கூடாது, இருக்கிற பணத்தையெல்லாம் சரிபார்க்க அனுப்ப வேண்டும். இரண்டு லட்சம் ஏற்கெனவே போய்விட்டது. சந்திரா கல்யாணத்துக்குப் போட்டு வைத்த டெபாசிட்டை உடைத்து அனுப்பச் சொல்லி மிரட்டிக்கொண்டிருந்தான்.

"ஒத்துழைக்கலேன்னா, உன் தமிழ்நாடு அரசு பென்ஷனை இன்னிக்கே நிறுத்திடுவேன்!"

சௌந்தரவல்லிக்குச் சுருக்கென்றது. தமிழ்நாடு அரசு பென்ஷனா? இவர் வாங்கின சம்பளமும் பாண்டிச்சேரி அரசாங்கத்தின் சம்பளம், வாங்குகிற பென்ஷனும் அதுதானே! சுற்றிலும் தமிழ்நாடு இருந்தாலும் காரைக்கால் அதில் சேராது என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவருடைய ஜாதகமே தன் கையில் இருப்பதாகச் சொல்லும் போலீஸுக்கு அது தெரியாதா? மகளிர் குழுக் கூட்டத்துக்கு வந்த பெண் போலீஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. 'எந்தப் போலீஸும் போன்ல கைது பண்ணாது. பணம் கேட்டா உடனே கட் பண்ணிட்டு, சைபர் க்ரைம் நம்பர் 1930க்கு அடிங்க.'

பாய்ந்து போய் போனை அணைத்தாள்.

"பாவி! என்னை ஜெயில்ல தள்ளிட்டியேடி!" என்று அலறினார் அவர். சொல்லிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். காதில் ஏறவில்லை. டெபாசிட் ரசீதை எடுக்க பீரோவைத் திறந்தவரின் முதுகுக்குப் பின்னால் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள். வாசலில் நின்றே 1930க்குப் பேசினாள். அவர் போனையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, காரைக்கால் போலீஸ் ஸ்டேஷனுக்கும் பேங்குக்குமாக அலைந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் சம்மந்தி வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். அவர்கள் போனில் சொல்ல, ரஞ்சித்குமார் ஓடி வந்து பூட்டை உடைத்துத்தான் அப்பாவை வெளியே கூட்டி வந்தான்.

திரும்பி வந்தவளைக் கிணற்றடியில் மறித்துக் கையைப் பிடித்துக்கொண்டார் தெட்சிணாமூர்த்தி. நாள் பூரா எந்தப் போலீஸும் வராததில், அது ஏமாற்று வேலை என்று அதற்குள் அவருக்கும் விளங்கியிருந்தது.

"அந்தப் பய முன்னால நான் கைகட்டி அழுதது பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சா, உசுரோட இருக்க மாட்டேன் வல்லி... சத்தியம் பண்ணு!"

பண்ணினாள். அவர் பிள்ளைகளிடம் "உங்கம்மா பூட்டிட்டுப் போயிட்டா" என்று மட்டும் சொல்லியிருந்தார். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அதுதான் கொடுமை.

திருநள்ளாற்றில் சம்மந்தி திருஞானசம்பந்தத்துக்குக் கோயில் பக்கத்திலேயே லாட்ஜ். மேலே பாதியில் நின்றுபோன மாடியில் கம்பிகள் துருவேறி நீட்டிக்கொண்டிருந்தன. வீடு அதற்குப் பின்புறம். நாற்காலி போட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"மன்னிப்பெல்லாம் வேண்டாம்மா" என்றார் திருஞானசம்பந்தம். "பொண்ணு எடுக்கப் போற வீடு. காரணம் தெரியணும் எனக்கு."

"காரணம்னு ஒண்ணுமில்லீங்க... என் புத்தி கெட்டுப் போச்சு. எம் பொண்ணு தங்கமானவ. எம் மேல இருக்குற கோவத்துல அவளை ஒதுக்கிடாதீங்க!"

சொல்லிக்கொண்டே சௌந்தரவல்லி முழங்கால் மடக்கிக் குனிந்தாள். விரல் நுனி தரையைத் தொட்டது.

நாற்காலி தடாலென்று சாய்ந்தது. தெட்சிணாமூர்த்தி எழுந்து ஓடி வந்து அவள் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

"எந்திரி வல்லி! நீ ஏன் குனியணும்? குனிஞ்சவன் நான்! ஒரு திருட்டுப் பயலுக்கு சார் சார்னு கைகட்டி நின்னவன் நான்! என் மானத்தைக் காப்பாத்த எட்டு நாளா நீ வசவு வாங்குனியே... நான் பேப்பரால மூஞ்சிய மறைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனே!"

அழுகைக்கு நடுவே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார்.

"எவ்வளவு போச்சுங்க?" என்று கேட்டார் திருஞானசம்பந்தம். அவர் குரல் மாறியிருந்தது.

"ரெண்டு லட்சம். முக்கால்வாசியை அந்தப் பயலுவ எடுக்க விடாம பேங்க்ல நிறுத்திட்டாங்களாம். இவ அன்னிக்கே ஓடினதால... கல்யாணப் பணத்துல கை படல."

திருஞானசம்பந்தம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க வீட்ல யாரும் பூட்டலீங்க. கதவு தொறந்தேதான் இருந்துச்சு."

உள்வாசலில் நின்ற அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "என்ன சொல்றீங்க?"

"மாடி கட்டுற பணம் வியாபாரத்துல போச்சுன்னு உங்கிட்ட சொன்னேன்ல... வியாபாரத்துல போகல. இதே மாதிரி ஒரு போன்தான். ரெண்டு நாள் நான் ரூமை விட்டு வெளிய வரல. தலைவலின்னு உன்னை உள்ள விடல. வெக்கத்துல இன்னிவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல." பிறகு சௌந்தரவல்லியைப் பார்த்துக் கும்பிட்டார். "இந்த அம்மா வளத்த பொண்ணு எங்க வீட்டுக்கு வரணும். தேதியை இன்னிக்கே குறிப்போம்."

சந்திரலேகா ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ரஞ்சித்குமார் காலடியில் உட்கார்ந்து தேம்பினான். "அம்மா... என்னை அடிச்சிரும்மா! காப்பியைக்கூட வேண்டாம்னுட்டேனே..."

"காப்பிக்கு என்னடா, வீட்டுக்குப் போனதும் போட்டுத் தர்றேன்." அவன் தலையில் கை வைத்தாள். அதுவரை அடக்கி வைத்த கண்ணீர் அப்போதுதான் உடைத்துக்கொண்டு வந்தது. "ஏன் பூட்டுனே, ஏன் பூட்டுனேன்னு எட்டு நாளாக் கேட்டியே... நீ சாப்பிட்டியாம்மான்னு ஒரு நாள், ஒருத்தரு கேக்கலியேடா!"



அப்போது தெட்சிணாமூர்த்தியின் சட்டைப்பையில் போன் அடித்தது. தெரியாத எண். பழக்க தோஷத்தில் வேட்டியைச் சரிசெய்தவர், சட்டென்று நின்றார். விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தினார். அதில் சௌந்தரவல்லியை உட்கார வைத்து, அவள் காலருகே தரையில் தானும் உட்கார்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டார்.

"யாருங்க பேசுறது? எம் பொண்டாட்டியும் பக்கத்துல இருக்கா. ரெண்டு பேருக்கும் சேத்தே சொல்லுங்க."