மேலும் பதினைந்து நிமிடம்

‘அனுமதி’ என்ற பச்சைப் பொத்தானை அழுத்திய பிறகுதான் அஜீசுன்னிசாவுக்கு நினைவு வந்தது, மகளுடைய டேப் தன் கைப்பையில் இருக்கிறதென்று.

சிதம்பரத்திலிருந்து கிளம்பிய கடலூர் பேருந்து வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. ஷட்டர் இடுக்கு வழியாக ஆற்றின் சேற்று வாடை உள்ளே வந்தது. நனைந்த குடைகளின் வாடையும், முன் இருக்கைக்காரி மடியில் வைத்திருந்த கருவாட்டுப் பையின் வாடையும், காலையிலிருந்து லேபில் ஊசி குத்தி ரத்தம் எடுத்த தன் விரல்களை விட்டுப் போகாத ஸ்பிரிட் வாடையும் ஒன்றாய்க் கலந்து அவளைத் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் எங்கோ தொங்கவிட்டிருந்தன. அப்போதுதான் போன் அதிர்ந்தது. ‘அர்ஃபா மேலும் 15 நிமிடம் கேட்கிறார்.’ தினமும் வருவதுதான். கண்ணைப் பாதி திறந்து தினமும் அழுத்துவதுபோல் அழுத்திவிட்டாள்.

டேப் சார்ஜ் ஏறவில்லை என்று ரிப்பேருக்காகக் காலையில் எடுத்து வந்திருந்தாள். கடை பூட்டியிருந்தது. பையிலிருந்து அதை எடுத்துப் பார்த்தாள். துளி சார்ஜ் இல்லை. கறுப்புக் கண்ணாடியில் அவள் முகம் மட்டும் தெரிந்தது, கண்ணுக்குக் கீழே குழி விழுந்து. பார்க்கப் பிடிக்காமல் உள்ளே வைத்துவிட்டாள்.

மஞ்சக்குப்பத்தில் மாடிப் போர்ஷன். அர்ஃபா ஐந்தாம் வகுப்பு. நாலரைக்குப் பள்ளி வேன் இறக்கிவிட்டதும் கீழ்வீட்டுச் சௌந்தரம் அக்காவிடம் சாவி வாங்கிக்கொண்டு மேலே போய்விடுவாள். அம்மா வர ஏழாகும். அதுவரை தனிமைதான். ஜூன் மாதம் ஏதோ விளையாட்டு ஆப்பில் முகம் தெரியாத ஒருவன் அவளிடம் “வீட்ல தனியாவா இருக்க?” என்று கேட்டிருந்தான். அதைத் தற்செயலாகப் பார்த்த அன்றே அஜீசுன்னிசா அந்த விளையாட்டை டேப்பிலிருந்து அழித்துவிட்டாள். குவைத்திலிருந்து கணவன் ஜாபிர்தான் விசாரித்து இந்தக் கண்காணிப்பு ஆப்பைப் போடச் சொன்னான். பிள்ளை என்ன பார்க்கிறது, எவ்வளவு நேரம் பார்க்கிறது என்பதெல்லாம் அம்மாவின் போனுக்கு வரும். கூடுதல் நேரம் வேண்டுமென்றால் பிள்ளை கேட்கவேண்டும், அம்மா அனுமதிக்கவேண்டும். அவசரமென்றால் டேப்பின் மைக் வழியாக வீட்டுச் சத்தத்தைக்கூடக் கேட்கலாம். அதை மட்டும் அவள் தொட்டதில்லை. பெற்ற பிள்ளையை ஒட்டுக்கேட்பதாவது என்று ஒரு கூச்சம்.

அன்று வீடு வந்தபோது அர்ஃபா ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளவில்லை. கூடத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். தலையில் இறுக்கமான இரட்டைப் பின்னல்.

“யாருடா பின்னிவிட்டா?”

அர்ஃபா நிமிர்ந்து பார்த்து, தெரிந்த விஷயத்தையே கேட்டு விளையாடுகிறாள் அம்மா என்பதுபோல் சிரித்தாள். சௌந்தரம் அக்காவாக இருக்கும் என்று இவளே பதில் சொல்லிக்கொண்டு சமையற்கட்டுக்குள் போனாள். இன்னொரு கேள்வி கேட்கும் தெம்பு உடம்பில் இல்லை.

ராத்திரி ஜாபிர் பேசினான்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல அஜீசு. நேத்து அனுப்புனது டவர் கெடைக்காம நின்னு இன்னிக்கு வந்திருக்கும். ஜாஸ்தி யோசிக்காத. ஆப்ப மட்டும் எடுத்துடாத.”

“ம்” என்றாள்.

டேப் சரியாகி வீட்டுக்கு வந்தது. மறுவாரமும் பேருந்து பாலத்தில் ஏறும்போது போன் அதிர்ந்தது. திங்களன்று பதினைந்து நிமிடம். செவ்வாயன்று அரைமணி. புதன்கிழமை முக்கால்மணி. மூன்று நாளும் கொடுத்தாள். மறுத்தால் வீட்டுக்குப் போனதும் அழுகை, அழுகைக்குச் சமாதானம், அதற்கப்புறம்தான் சோறு. அவ்வளவையும் தாங்க முடியாது. புதன்கிழமை படுக்கும்போதுதான் அந்த வாரக் கணக்கைத் திறந்து பார்த்தாள்.

திங்கள், பயன்பாடு 0 நிமிடம். செவ்வாய் 0. புதன் 0.

பக்கத்தில் அர்ஃபா தூங்கிக்கொண்டிருந்தாள். இந்த வாரம் முழுக்க அவள் அடம்பிடிக்கவில்லை, பசியென்று சொல்லவில்லை, அம்மா ஏன் லேட் என்று ஒருநாளும் கேட்கவில்லை. அவள் தலையிலிருந்து தேங்காய் எண்ணெய் மணந்தது. வீட்டில் தேங்காய் எண்ணெய் தீர்ந்து பத்து நாளாகிறது.

வியாழன் காலையில் படியிறங்கும்போது சௌந்தரம் அக்கா வாசல் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, பாப்பாவுக்குச் சாயந்தரம் நீங்கதான தலை பின்றீங்க?”

“நான் எங்கடி மேல வந்தேன்? எனக்கிருக்கிற முட்டிவலிக்கு...” அவள் வாளியைக் கீழே வைத்தாள். “அதான் நீயே இப்பல்லாம் வெள்ளனவே வந்துடுறியே. ஆறு மணிக்கெல்லாம் படி ஏறுற சத்தம் கேக்குது. புள்ள சிரிக்கிற சிரிப்பு கீழ வரைக்கும் கேக்குது. நீ வந்துட்டேன்னு நெனச்சிக்குவேன்.”

ஏழே கால் பேருந்து போய்விடும். அஜீசுன்னிசா நின்றுகொண்டே இருந்தாள்.

லேபில் அன்று மூன்று பேருக்கு நரம்பு தவறிக் குத்தினாள். சீக்கிரம் போகவேண்டுமென்று கேட்டதற்கு மேலாளர் பாலகுமார் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “ஆள் இல்லம்மா. நாளைக்குப் பாப்போம்.” ஐந்தரைக்குத்தான் வெளியே வர முடிந்தது. மழை பிடித்திருந்தது. பேருந்தில் விளக்குகள் மங்கலாக எரிந்தன. ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டு போனை இரண்டு கையாலும் பிடித்தபடி பாலத்துக்காகக் காத்திருந்தாள்.

போன் அதிர்ந்தது. ‘அர்ஃபா மேலும் 1 மணி நேரம் கேட்கிறார்.’

அவள் அனுமதிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. இதுவரை தொடாத அந்த மைக் படத்தை அழுத்தினாள்.

முதலில் இரைச்சல். பிறகு அவள் வீடு. மின்விசிறியின் கடகட சத்தம், சன்ஷேடில் மழை கொட்டும் சத்தம், ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு அர்ஃபா பென்சில் சீவும் சத்தம். பிள்ளை தனியாகத்தான் இருந்தாள். அஜீசுன்னிசா மூச்சு விட்டாள். ஒரு நிமிடம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள், மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல்.

படியில் காலடிச் சத்தம்.

மெதுவாக ஏறி வந்தது. ஏழாவது படியில் ஒருமுறை நின்றது. அவளும் அங்கேதான் நிற்பாள், பையைத் தோள் மாற்றிக்கொள்ள. பூட்டில் சாவி திரும்பியது.

“பாப்பா, வந்துட்டேன்டா.”

அவள் குரல்.

அதில் களைப்பு இல்லை. அது ஒன்றுதான் வித்தியாசம்.

“அம்மா!” பென்சில் உருளும் சத்தம், ஓடும் சத்தம். எத்தனை நாளாயிற்று அர்ஃபா தன்னை அப்படிக் கூப்பிட்டு.

“இன்னிக்கு என்ன விளையாடலாம்?” என்றது அந்தக் குரல்.

“கண்ணாமூச்சி!”

“சரி. நீ ஒளிஞ்சிக்கோ.”

“அம்மா, இங்க பாரேன். டேப்ல ஒரு பச்ச லைட்டு எரியுது.”

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. துணி உரசும் சத்தம் நெருங்கி வந்தது. இன்னும் நெருங்கி வந்தது. காதுக்குள்ளேயே ஒரு மூச்சு.

“அது ஒண்ணுமில்லடா” என்றது குரல், மிக அருகில். “யாரோ ஒட்டுக்கேக்குறாங்க.”

அஜீசுன்னிசா ஹெட்செட்டைப் பிய்த்து எறிந்தாள். பக்கத்து இருக்கைக்காரி திரும்பிப் பார்த்தாள். திரையில் அந்தக் கோரிக்கை அப்படியே நின்றது. ‘மறு’ என்பதை அழுத்தினாள். மறுபடி வந்தது. அழுத்தினாள். வந்தது. அழுத்தினாள், அழுத்தினாள், கட்டைவிரல் மரத்துப்போகும்வரை. பிறகு வேறொன்று வந்தது.

‘இந்தக் குடும்பத்தின் பெற்றோர்: அஜீசுன்னிசா. உங்களுக்கு இங்கே அனுமதி இல்லை.’

ஆப் மூடிக்கொண்டது. அதற்கப்புறம் திறக்கவே இல்லை.

ஆலப்பாக்கம் தாண்டி சௌந்தரம் அக்காவுக்குப் போன் கிடைத்தது.

“அக்கா, ஓடிப்போய்ப் பாப்பாவக் கீழ கூட்டிக்கிட்டு வந்துடுங்க. உடனே.”

“என்னடி இது, மேல இருந்துக்கிட்டே போன் பண்ற? இப்பதான உன்ன வாசல்ல பாத்தேன், கேட்டா பதிலே சொல்லாம ஏறிட்ட...”

“அது நான் இல்லக்கா. நான் பஸ்ல இருக்கேன்.”

“அப்போ மேல சிரிக்கிறது யாரு?”

போன் கட்டாகிவிட்டது. மறுபடி போட்டால் மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

ஜாபிர் எடுக்கவில்லை. அவன் வேலை நேரம். முதுநகரில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். சரக்கு வண்டி ஒன்று முடிவில்லாமல் ஊர்ந்தது. ஒவ்வொரு பெட்டியையும் எண்ணினாள். எண்ணிக்கை விட்டுப்போயிற்று. திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி ஷேர் ஆட்டோவைத் தனியாகப் பேசி ஏறினாள். கெடிலம் பாலம். மைதானம். தெரு முழுக்கக் கரண்ட் இல்லை.

சௌந்தரம் அக்காவின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள். ஜன்னல் திரை ஒரு விரற்கடை விலகியது. அக்காவின் கண் இவளைப் பார்த்தது. பிறகு மாடியைப் பார்த்தது. திரை மூடிக்கொண்டது.

அஜீசுன்னிசா படி ஏறினாள். ஏழாவது படியில் நிற்கக்கூடாது என்று நினைத்தாள். நின்றாள்.

கதவு திறந்தேயிருந்தது.

எமர்ஜென்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சோறு சூடாக ஆவி பறந்தது. தேங்காய் எண்ணெய் மணம். கூடத்து நடுவில் பாயில் அவள் உட்கார்ந்திருந்தாள். அஜீசுன்னிசாவின் ஊதா நைட்டி. அஜீசுன்னிசாவின் கை. நன்றாகத் தூங்கி எழுந்த முகம். கல்யாண ஆல்பத்தைத் தவிர அந்த முகத்தை அஜீசுன்னிசா வேறெங்கும் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன. மடியில் அர்ஃபா தலைவைத்துப் படுத்திருந்தாள். விரல்கள் நிதானமாகப் பின்னலைப் பிரித்துக்கொண்டிருந்தன.

“அர்ஃபா” என்றாள் அஜீசுன்னிசா. நைந்துபோன குரல் வந்தது. “பாப்பா, இங்க வா.”

விரல்கள் நின்றன. அவள் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தாள். கோபமில்லை. லேசாக, பரிவாகக்கூட இருந்தது அந்தப் பார்வை.

“யாருடா அது?” என்று குனிந்து மகளிடம் கேட்டாள்.

அர்ஃபா எழுந்து உட்கார்ந்தாள். வாசலில் மழைத் தண்ணீர் சொட்ட நின்ற உருவத்தைக் காலிலிருந்து தலைவரை பார்த்தாள், வெகுநேரம் கவனமாக. பிறகு பின்னால் நகர்ந்து அந்த ஊதா நைட்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“தெரியலம்மா.”