கம்பத்தில் வேறு முடிச்சு

குடியரசு தினத்தன்று காலை ஆறரை மணிக்கு ஊராட்சித் தலைவர் செங்கேணி காவல் நிலையத்துக்கு ஓடிவந்தார். முந்தானை அவர் கைக்குள் கசங்கியிருந்தது.

"மேடம், நேத்து சாயங்காலம் நானே கொடியை மடிச்சு, உள்ள சாமந்தி இதழ் வெச்சு, கம்பத்து மேல ஏத்தினேன். கீழ கயித்துல நாத்து முடி கட்டற மாதிரி சுருக்கு போட்டேன். இப்ப அங்க ரெட்டை முடிச்சு கீது. எவனோ இன்னாவோ பண்ணிக்கீறான். எட்டு மணிக்கு நான்தான் இழுக்கணும்."

"உடனே இறக்கிப் பார்த்துடலாம் மேடம்!" என்று எழுந்தான் கான்ஸ்டபிள் விஜய்.

"இறக்கினா என்ன நடந்ததுன்னு தெரியும். யாருன்னு தெரியாதே" என்றார் எஸ்.ஐ. ஞானசுந்தரி.

ஊராட்சி அலுவலகத்தின் கேட் சாவி மேலும் மூவரிடம் இருந்தது. ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, "கொடியில ஏதோ கோளாறுன்னு சந்தேகம்" என்று மட்டும் சொன்னார் ஞானசுந்தரி.

"கிழிஞ்சிருக்கா? பீரோவுல இன்னொண்ணு கீது" என்றார் செயலர் பெஞ்சமின்.

"உருளை சிக்கிக்கிச்சா? எண்ணெய் விடட்டுமா?" என்றார் பம்ப் ஆபரேட்டர் கோபால்.

துணைத் தலைவர் மாசிலாமணி சிரித்தார். "நாத்து நட்டுக்கினு இருந்தவங்க. மேல எந்தக் கலரு, கீழ எந்தக் கலருன்னு அவங்களுக்கு இன்னா தெரியும்? கேஸ் போடுங்க மேடம்."

ஏழே முக்கால். ஊரே கூடியிருந்தது. ஞானசுந்தரி விஜயின் காதில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு, கொடியை இறக்கி எல்லோர் முன்னும் பிரித்தார். பச்சை மேலே இருந்தது. உள்ளே ஓர் இதழ்கூட இல்லை. இழுத்திருந்தால் வழக்கும் அவமானமும் செங்கேணியின் தலையில்தான் விழுந்திருக்கும்.

"கட்டி வெச்ச கொடி கீழேயிருந்து பார்த்தா வெறும் பொட்டலம்" என்றார் ஞானசுந்தரி. "கிழிசல்னு ஒருத்தர் நினைச்சார். உருளைன்னு ஒருத்தர் நினைச்சார். நிறம் மாறியிருக்குன்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது, மாசிலாமணி?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்..."

"ராத்திரி கொடியைப் பிரிச்சப்ப பூ கொட்டியிருக்கணும். தரையில ஒண்ணுகூட இல்ல. யாரோ அள்ளியிருக்காங்க."

திரும்பி வந்த விஜய், மாசிலாமணியின் பைக் பெட்டியிலிருந்து எடுத்த காகிதப் பையைக் கவிழ்த்தான். மஞ்சள் இதழ்கள் மண்ணோடு கொட்டின.

மாசிலாமணி தலை குனிந்தார். "அவ கொடியேத்த, நான் பக்கத்துல கைகட்டி நிக்கணுமா?"

விஜய் அவர் தோளைப் பற்றினான். செங்கேணி கையை உயர்த்தித் தடுத்தார்.

"இப்பவே இட்டுக்கினு போவாதீங்க மேடம். கொடியேத்தினதும் கிராம சபை கீது. கம்ப்ளெய்ண்டு அப்பால எழுதித் தரேன். இவரு பண்ணதை மொதல்ல ஜனங்க எதிர்ல இவரு வாயாலயே சொல்லட்டும்."

ஞானசுந்தரி கொடியைச் செங்கேணியிடம் கொடுத்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்றார்.