சத்தம் போடாத லீக்கில் ஓர் அலறல்

ஒரு லட்சத்து இருபத்தேழாயிரத்து ஐநூறு ரூபாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குணசீலன் தலையில் விழுந்த கடன் அது.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது அவனுக்கு ஒரு பைசா கடன் இல்லை.

நடுவில் நடந்தது ஒரே ஒரு அலறல்...

அவ்வளவுதான்!

ஸ்டேஷனில் போன் அடித்தது.

ஏட்டு செங்கோடன் டீ கிளாஸைக் கீழே வைக்காமலே எடுத்தார்.

"ஏனுங்க, போலீஸ் ஸ்டேஷனுங்களா? ஒடனே வாங்க. நானூத்தி இருபத்தஞ்சு உசுரு போயிருச்சு."

டீ அவர் தொடையில் கொட்டியது.

"எ... எத்தனைங்க?"

"நானூத்தி இருபத்தஞ்சு. எண்ணிப் பாத்துட்டுத்தான் பேசறேன்."

"பஸ்ஸுங்களா? பாலம் கீலம் இடிஞ்சிருச்சுங்களா?"

"கோழிங்க."

செங்கோடன் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து அதன் முகத்தை ஒரு தடவை பார்த்தார்.

"என்ன ஏட்டய்யா?" என்றார் எதிர் மேஜையிலிருந்து சப் இன்ஸ்பெக்டர் பிரபா.

"கோழி செத்துப்போச்சுங்களாம் மேடம்."

"கறிக்கடைக்குப் போன் பண்ணச் சொல்லுங்க."

"வெளிநாட்டு டிவிக்காரங்க படம் புடிச்சிட்டு இருக்கறப்பவே செத்துப்போச்சுங்களாம்."

பிரபா தொப்பியை எடுத்தார்.

"ஜீப்பை எடுங்க."

நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற வழியில் இருக்கிறது அப்புசாமியின் கோழிப்பண்ணை. பண்ணைக்குத் தெற்கே மூன்று ஏக்கர், பயிர் வைக்காத வெறுங்காடு. அதில்தான் அந்த ஃபுட்பால் லீக்.

ஆறு டீம். முட்டை லோடு ஏற்றுகிறவர்கள், லாரிக்குப் பாடி கட்டுகிறவர்கள், போர்வெல் போடும் ரிக் வண்டியில் போகிறவர்கள்... ஆறு நாள் உழைத்து அலுத்துப்போய், ஏழாம் நாள் இன்னும் கொஞ்சம் அலுத்துக்கொள்ள வருகிற ஆட்கள்.

கிரவுண்டுக்கு வாடகை கிடையாது.

ஒரே ஒரு நிபந்தனை... யாரும் கத்தக் கூடாது!

கோழிக்கு அலறல் ஆகாது. திடீரென்று மனிதன் கத்தினால், தரையில் விட்டிருக்கிற இளங்கோழிகள் மிரண்டு ஓடும். ஒரு மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் கிடப்பது மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

செத்தால் கோழிக்கு முந்நூறு ரூபாய். லீக் கட்ட வேண்டும். லீக் என்றால் செக்ரட்டரி. செக்ரட்டரி என்றால் முட்டை லோடு ஏற்றும் குணசீலன்.

அதனால் ரெஃப்ரிக்கு விசில் இல்லை, சிவப்புத் துண்டு. கோல் விழுந்தால் கூட்டம் எழுந்து நின்று துண்டைத் தூக்கிக் காட்டும். கோல் போட்டவன் பனியனைக் கடித்துக்கொண்டு ஓடுவான். கெட்ட வார்த்தைகூடக் காதோடு காதாகத்தான் திட்ட வேண்டும்.

ஒன்பது வருடமாக இப்படித்தான்.

யாரோ இதைப் போனில் எடுத்து ஊர் உலகத்துக்கு அனுப்ப... நார்வே நாட்டு டிவிக்காரர்கள் பார்த்துவிட்டு அசந்துபோனார்கள். உலகத்திலேயே சத்தம் போடாத லீக்! ஃபைனலை நேரடியாகக் காட்டுவதற்கு ஐந்து கேமராவோடு வந்து இறங்கிவிட்டார்கள்.

அந்த ஃபைனலில்தான் அலறல்.

ஜீப் நின்றது.

கிரவுண்டு ஓரத்தில் டிராக்டர், பின்னால் கலப்பை மாட்டி, இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கையில் தடியோடு அப்புசாமி.

"வாங்க மேடம். பொழுது எறங்கறதுக்குள்ள கத்துனவன் ஆருன்னு காட்டிருங்க. அவன் பணத்தைக் கட்டட்டும். இல்லீன்னா குணசீலன் கட்டட்டும். கிரவுண்டையும் உழுது மக்காச்சோளம் போட்டர்றேன்."

"டிராக்டர் இந்தக் கத்து கத்துது. இதுக்குக் கோழி சாகாதுங்களா?"

"அது பழகுன சத்தமுங்க. மனுசன் வாய்தான் ஆகாது."

பிரபா தன்னையறியாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

குணசீலன் கை கட்டி நின்றான். கண் சிவந்திருந்தது.

"மேடம், என்கிட்ட இருக்கறது ஒரு குட்டியானை வண்டிதானுங்க. அதை வித்தாப் பணம் கட்டிருவேன். வண்டி போனாலும் கை இருக்குது, லோடு ஏத்திப் பொழைச்சுக்குவேன். கிரவுண்டு போச்சுன்னா... ஞாயித்துக்கெழமைக்கு நாங்க எங்கீங்க போவோம்?"

பிரபா நோட்டைப் பிரித்தார். அவரே ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைக்காத ஜாதிதான்.

"ஆரு மேல சந்தேகம்?"

அப்புசாமி தடியை நீட்டினார்.

"அதா, கோல் வாங்குனானே, பாடி கட்டற குமாரசாமி. பத்து வருசமா சுத்தியல் சத்தத்துலயே கெடந்து காது போச்சு அவனுக்கு. மெதுவாப் பேசவே தெரியாது. வயித்தெரிச்சல்ல கத்திருப்பான்."

கோல்கீப்பர் குமாரசாமி வந்தான். வாயில் துண்டு திணித்து, பின்மண்டையில் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது.

"இது என்ன கோலம்?"

"எங்க டீமே கட்டி உட்டதுங்க மேடம்" என்றான் கூட இருந்த ஒருவன், குசுகுசுவென்று. "ஒவ்வொரு மேட்ச்சுக்கும் கட்டித்தான் எறக்குவோம். முடிச்சை நானே போட்டேன், இன்னும் அவுக்கல."

குமாரசாமி பலமாகத் தலையாட்டினான். "ம்ம்ம்" என்றான்.

"அவுத்து உடுங்க, அவரையே கேட்ருவோம்."

செங்கோடன் பாய்ந்து தடுத்தார்.

"வேண்டாங்க மேடம். இவன் வாயைத் தொறந்தான்னா இன்னொரு நானூறு போயிரும்."

அப்போது ஒரு வெள்ளைக்காரப் பெண் மைக்கோடு ஓடி வந்தாள். பெயர் இங்கிரிட். அவளுக்கு மொழிபெயர்க்க சேலத்திலிருந்து வந்திருந்த ரஞ்சனி பின்னாலேயே மூச்சு வாங்க வந்தாள்.

"மேடம், இந்த மௌன விரதம் எத்தனை நூறு வருஷமா நடக்குதுன்னு கேக்கறாங்க."

"கோழிக்காகன்னு சொல்லலியா?"

"நாலு நாளா அதைத்தான் சொல்றேன். கோழிங்கறதுக்கு உள்ளர்த்தம் என்னன்னு கேக்கறாங்க."

"முட்டைன்னு சொல்லுங்க" என்றார் பிரபா. "வாங்க, பொணத்தைப் பாக்கலாம்."

ஷெட்டுக்குள் நுழைந்ததும் செங்கோடன் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

ஒரு மூலையில் வெள்ளையாய்க் குவியல். பருத்தி மூட்டை பிரிந்து கொட்டின மாதிரி.

உயிரோடு இருந்தவை தூர நின்று போலீஸைப் பார்த்தன. சாட்சி சொல்லுகிற முகம் ஒன்றுக்கும் இல்லை.

பிரபா குவியலைப் பார்த்தார். திரும்பி வாசலைப் பார்த்தார். மறுபடி குவியலைப் பார்த்தார்.

"ஏனுங்க, சத்தம் கேட்டாக் கோழி எந்தப் பக்கம் ஓடும்?"

"சத்தம் வார தெசைக்கு நேர் எதிர்த்த பக்கமுங்க. இது பச்சக் கொழந்தைக்குத் தெரியும்."

"கிரவுண்டு எந்தப் பக்கம் இருக்குது?"

"தெக்க."

"கோழி எந்த மூலைல செத்துக் கெடக்குது?"

"தெக்கு மூ..."

அப்புசாமியின் வாய் அப்படியே நின்றுவிட்டது.

"கிரவுண்டுல இருந்து ஆராச்சும் கத்திருந்தா வடக்கு மூலைல இல்ல கெடக்கணும்? கிரவுண்டைப் பாத்து ஓடியாந்து செத்திருக்குது உங்க கோழி. மேட்ச் பாக்கவா?"

குணசீலன் முகத்துக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

"வடக்க என்னங்க இருக்குது?"

"ஒன்னுமில்லீங்க. என்ற ஊடு மட்டுந்தான்."

"ஊட்ல ஆரு இருந்தது?"

"ஆருமில்லீங்க. பையன் பெங்களூர்ல. நான் மேட்ச் முச்சூடும் கிரவுண்டுல தடியோட நின்னேன். குணசீலனையே கேளுங்க."

"ஆமாங்க மேடம்" என்றான் குணசீலன். "அண்ணன் என்ற பக்கத்துலதான் நின்னாரு. அவரு கத்தல." கொஞ்சம் தயங்கினான். "இன்னொன்னும் எனக்குப் புரியலீங்க."

"சொல்லுங்க."

"கோல் விழுந்தப்ப ஒருத்தரும் கத்தல. துண்டைத் தூக்குனாங்க, எறக்குனாங்க. பந்தை நடுவுல வெச்சு மறுபடி ஆரம்பிச்சு, சும்மா உருட்டிட்டு இருக்கறப்பத்தான் 'கோ...ல்'னு சத்தம் வருது. அப்பக் கோலே இல்லீங்களே."

"ஆம்பளக் கொரலா, பொம்பளக் கொரலா?"

"ஆளுக்கொன்னு சொல்றாங்க. ஆம்பளைங்கறாங்க, பொம்பளைங்கறாங்க. ரெண்டு பேரு மயிலுங்கறாங்க."

"மயில் கோலுன்னு அகவாது" என்றார் செங்கோடன், அனுபவஸ்தராக.

வெளியே வந்தார்கள்.

வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. டிராக்டர் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

ரஞ்சனி போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். பிரபா எட்டிப் பார்த்தார்.

போனில் ஷெட். கதவு மூடியிருந்தது. பார்க்கப் பார்க்க அது திறந்தது. உள்ளேயிருந்து பிரபா வெளியே வந்தார்.

வெளியே நின்ற பிரபாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நான் இங்க நின்னுட்டிருக்கேன். இதுல இப்பத்தான் வெளிய வாரேன்?"

"லைவ் ஓடுதுங்க மேடம். கேமராவை இவங்க நிறுத்தவே இல்ல."

"லைவுன்னா இப்ப நடக்கறதில்ல காட்டணும்?"

"படம் இங்கிருந்து நார்வேக்குப் போயி, அவங்க பாத்து, எழுத்தெல்லாம் போட்டு, அங்கிருந்து திரும்பி வரணுமில்லீங்களா? அரை நிமிஷம் தள்ளித்தான் வரும்."

பிரபா சிரித்தார். ரொம்ப மெதுவாக. கோழிக்குக் கேட்காதபடி.

"குணசீலன்... அப்பக் கோலே இல்லைன்னீங்களே. இருந்துச்சு. நார்வே போயிட்டு வந்த கோலு! கத்துன ஆளு கிரவுண்டைப் பாக்கல. டிவியைப் பாத்துருக்காங்க."

எல்லார் கண்ணும் வடக்கே திரும்பியது.

வீட்டு மொட்டைமாடியில், பெங்களூர் மகன் மாட்டிக் கொடுத்த இன்டர்நெட் டப்பா வெயிலில் மினுமினுத்தது.

"ஊட்ல ஆருமில்லைன்னு சொன்னீங்க?"

"ஆருமில்லீங்க மேடம்" என்றார் அப்புசாமி. "எங்க ஊட்டம்மா மட்டுந்தான் இருக்குது."

பிரபா அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார்.

"நடங்க."

கதவு திறந்தேதான் இருந்தது.

பெரிய டிவி. நார்வேக்காரன் ஒருவன் வேகவேகமாகப் பேசிக்கொண்டிருந்தான். எதிரே நாற்காலி நுனியில், முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தார் கண்ணாத்தாள். ஐம்பதைத் தாண்டினவர். போலீஸைப் பார்த்ததும் எழுந்து, உட்காருங்கள் என்று கையால் காட்டினார்.

"அம்மா, மேட்ச் பாத்தீங்களா?"

கண்ணாத்தாள் முந்தானையை இன்னும் இறுக்கிக் கவ்வினார்.

"இவளைப் போயிக் கேக்கறீங்களே மேடம்" என்றார் அப்புசாமி. "பந்து உருண்டையா சப்பையான்னுகூட இவளுக்குத் தெரியாது. அந்தக் கோலே செல்லாதுன்னு ஆம்பளைங்களுக்குள்ள வழக்காயிருச்சு. ஆஃப்சைடுங்கறாங்க."

கண்ணாத்தாள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தார்.

"ஆஃப்சைடு இல்லீங்க அது."

குரல் கரகரவென்று கிழிந்து வந்தது. தொண்டை கட்டிப்போயிருந்தது.

"தடுக்கற டீமோட கடைசி ஆளு கால், டிவில போட்ட கோட்டுக்கு அந்தாண்ட இருந்துச்சு. மூணு தடவை போட்டுக் காட்டிட்டான்."

அறையில் நார்வேக்காரன் மட்டும் பேசினான்.

அப்புசாமி நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

"நீயா... நீயா கத்துன?"

"ஒம்பது வருசமா அந்தச் சன்னல்ல நின்னுதான் பாக்கறேன். கடிச்சுக் கடிச்சு நாலு சீலை முந்தி போச்சு. ஒருக்காக் கத்திருப்பனா?"

"அப்புறம் இன்னைக்கு என்ன வந்துச்சு?"

கண்ணாத்தாள் டிவியைக் காட்டினார்.

"பாருங்க. வெள்ளைக்காரன் பேசறான். அவன் எழுத்து ஓடுது. நம்ம பசங்க மூஞ்சி இத்தாச்சோடு பெருசாத் தெரியுது. என்ற கண்ணுக்கு அது வெளிநாட்டு மேட்ச்சாட்டவே இருந்துச்சு சாமி. வெளிநாட்டு மேட்ச்சுக்குக் கத்துனா நம்மூட்டுக் கோழிக்கு என்னன்னு கத்திப்போட்டேன்."

செங்கோடன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

வாசலில் இங்கிரிட் ரஞ்சனியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"என்ன கேக்கறாங்க?"

"இந்தம்மாதான் இந்த மௌனத்தோட தலைமைக் குருவான்னு கேக்கறாங்க மேடம்."

"ஆமான்னு சொல்லிருங்க. அதுதான் நெசம்."

குணசீலன் தொண்டையைச் செருமினான். சத்தம் வராமல்தான்.

"ஏனுங்கண்ணா... கத்துன ஆளுதானே பணம் கட்டோணும்னு..."

அப்புசாமி கூரையைப் பார்த்தார்.

"நான் கட்டறேன்" என்றார் கண்ணாத்தாள். "ஒன்னேகால் லட்சமும் அதுக்கு மேல உள்ளதும். ஆருக்குக் கட்டோணும்? பண்ணைக்கு. பண்ணை ஆரு பேர்ல இருக்குது?"

அப்புசாமி தடியால் தரையைக் கீறினார்.

"கேக்கறனில்ல?"

"உன்ற பேர்லதான். உங்கப்பா எழுதிக் குடுத்தது."

"அப்ப எனக்கு நானே கட்டிக்கறேன். நீங்க போயி டிராக்டரை ஊட்டுக்கு ஓட்டச் சொல்லுங்க. குணசீலா, மிச்ச ஆட்டத்தை ஆடச் சொல்லு சாமி. பொழுது எறங்குது."

குணசீலன் ஓடினான். வாசல்படி தாண்டியதும் பனியனைக் கடித்துக்கொண்டான்.

அப்புசாமி மெல்ல எழுந்தார். தடியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"அப்ப உங்க கம்ப்ளெய்ன்ட் இருக்குதுங்களே" என்றார் பிரபா. "எழுத்துல குடுங்க, கைது பண்ணிரலாம். ராத்திரிச் சோத்துக்கு எங்க போவீங்கன்னு மட்டும் அதுலயே ஒரு வரி சேத்து எழுதிருங்க."

அப்புசாமி மனைவியைப் பார்த்தார். அடுப்படியைப் பார்த்தார்.

"கம்ப்ளெய்ன்ட்டும் இல்ல, கடனும் இல்லீங்க மேடம். அந்தக் கோழிங்களுக்கு நாலு மாசம் ஆயிருச்சு பாருங்க... எல்லாம் வயசாகித்தான் செத்துச்சு."