சேற்றில் நின்ற துரை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துரை நின்ற விதம் அபிகாயிலுக்குப் பிடிக்கவில்லை.

துரை ஒரு வெள்ளைக் குதிரை. மாடம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில், அவள் அப்பா அசரியாவின் வீட்டு வேப்பமரத்தடியில்தான் அதைக் கட்டியிருப்பார்கள். தாம்பரத்தைச் சுற்றி எந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளை குதிரையில் வந்தாலும், அந்தக் குதிரை பெரும்பாலும் துரையாகத்தான் இருக்கும்.

அபிகாயிலுக்குப் பதினொரு வயது. அதிகம் பேசமாட்டாள். துரைக்குத் தண்ணீர் காட்டுவதும் குளம்பைச் சுத்தம் செய்வதும் அவள் வேலை. அன்றைக்குக் குளம்பைத் தொட்டவள், வைத்த கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, துரைக்கு என்னமோ சரியில்லப்பா."

"என்னமோன்னா இன்னா? சொல்லு."

சொல்லத்தான் தெரியவில்லை. முன்னங்கால்களை முன்னால் நீட்டி வைத்து, பின்பக்கம் சாய்ந்தாற்போல் நின்றது. கண்கள் அவளைப் பார்க்கவில்லை. எதையுமே பார்க்கவில்லை.

"குளம்பு சூடா இருக்கு."

"மே மாசத்துல ஜில்லுனா இருக்கும்?"

"நிழல்லதானே நிக்குது."

அசரியா எழுந்து வந்தார். லாடத்தைத் தட்டினார். வாயைத் திறந்து பார்த்தார். "லாடம் புதுசு. காயம் எதுவும் இல்ல. நேத்து வெச்சதெல்லாம் தின்னுகினு வந்துச்சு. தின்ற குதிரைக்கு இன்னா நோவு?"

நேற்று வைத்தது கொஞ்சமில்லை. ஊர்வலம் கிளம்புவதற்கு முன் மாப்பிள்ளை வீட்டார் குதிரைக்குப் பச்சரிசியும் வெல்லமும் கொடுப்பார்கள். குதிரை வாங்கித் தின்றால்தான் மாப்பிள்ளை ஏறுவார். மாமன், சித்தப்பா, அத்தை என்று ஆளுக்கு ஒரு கை கொடுப்பார்கள். மீதியை அப்படியே தாம்பாளத்தோடு முன்னால் வைத்துவிடுவார்கள். வேண்டாம் என்று சொன்னால் மரியாதைக் குறைவு. அசரியா சொல்லவும் மாட்டார். துரை அரிசியை மெல்லும்போது அவருக்கே விருந்து வைத்தாற்போல் முகம் மலரும். அந்த வாரம் மட்டும் நான்கு கல்யாணம்.

"சாயங்காலம் பொத்தேரி கல்யாணத்துக்கு வரேன்னு வாக்குக் கொடுத்துட்டேன். நீ ஏதாவது சொல்லிகினு இருக்காத."

அண்ணன் எபி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தான். "டாக்டர் அபிகாயில் வந்துட்டாங்க. எல்லாரும் வரிசையில நில்லுங்க. முதல்ல குதிரை, அப்புறம் கோழி."

அப்பா சிரித்துக்கொண்டே படுக்கப் போனார். சிறிது நேரத்தில் குறட்டை கேட்டது.

அபி மறுபடி குளம்பைத் தொட்டாள். அதே சூடு. சின்ன வயதில் காலில் வெந்நீர் கொட்டியபோது அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். தண்ணீர்.

அவள் கயிற்றை அவிழ்த்தாள்.

ஏரிக்கு நூறு அடிதான். துரை அந்த நூறு அடியையும் கண்ணாடித் துண்டுகள் மேல் நடப்பதுபோல் நடந்தது. இரண்டு முறை நின்றுவிட்டது. அபி இழுக்கவில்லை. அதுவாக நடக்கும்வரை காத்திருந்தாள். கரையோரத்து ஈரச் சேற்றில் முன்னங்கால்கள் புதைந்ததும் துரை நீளமாக ஒரு மூச்சு விட்டது. அதற்கப்புறம் அசையவில்லை.

அபியும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. கொசு கடித்தது. வெயில் முதுகைச் சுட்டது. அவள் தண்ணீரை அள்ளி அள்ளி துரையின் கால்களில் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

நான்கு மணிக்கு அப்பா வந்தார். தோளில் ஜரிகை வைத்த சேணத்துணி, கையில் கடிவாளம்.

"அறிவு கீதாடி உனக்கு? குளிப்பாட்டி நிறுத்துன குதிரைய சேத்துல எறக்கி வெச்சிருக்க. மாப்பிள்ளை அங்க காத்துகினு கீறாரு."

"வேணாம்பா. ரோட்ல நடந்தா வலிக்கும்."

"உன்னாண்ட வந்து சொல்லுச்சா?"

அபி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். அப்பா அதைப் பிடுங்கினார். அவள் விடவில்லை. பளீரென்று ஓர் அறை விழுந்தது.

அதற்குமுன் அவர் அவளை அடித்ததே இல்லை.

கயிறு கைமாறியது. அப்பா துரையை மேட்டுக்கு இழுத்தார். தார்ச்சாலையில் துரை ஓர் அடி வைத்தது. இரண்டாவது அடியில் முன்னங்கால்கள் மடிந்தன. சாலையிலேயே மண்டியிட்டது.

அப்பாவின் தோளிலிருந்து சேணத்துணி நழுவி விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"எபி," என்று வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார். "ஓடிப்போய் மாட்டு டாக்டரம்மாவ இட்டுகினு வா."

டாக்டர் சந்திரிகா இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தார். வந்து குளம்பைத் தொட்டார். என்ன தின்றது என்று கேட்டார். அப்பா பெருமையே இல்லாமல் சொன்னார்.

"பச்சரிசி, வெல்லம், அதுவும் நாலு நாளா தாம்பாளம் தாம்பாளமாவா? அது குதிரைக்கு விஷம் மாதிரிங்க. குளம்புக்குள்ள வீங்கிடுச்சு. இன்னைக்கு ஊர்வலத்துல நடக்க வச்சிருந்தீங்கன்னா திரும்ப எழுந்தே இருக்காது." டாக்டர் துரையின் காலில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தார். "ஈரத்துல நிக்க வச்சது நல்ல ஐடியா. யார் செஞ்சது?"

அபி வாயைத் திறந்தாள்.

"நான்தான் மேடம்," என்றார் அப்பா.

எபி அப்பாவைப் பார்த்தான். அப்பா துரையின் பிடரியைத் தடவிக்கொண்டிருந்தார். அபி கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் எரிந்தது.

ஊசி போட்டார்கள். ஆறு மாதம் யாரும் துரைமேல் ஏறக்கூடாது, வெறும் புல்தான் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அப்பா போனில் பேசுவது அபியின் காதில் விழுந்தது. "சம்பந்தம் அண்ணே, குதிரைய வந்து பாரு. ஆறு மாசம் சும்மா நிக்க வெச்சி என்னால தீனி போட முடியாது. பத்து மணிக்கு வண்டியோட வந்துடு."

சம்பந்தம் வாங்கிப்போகும் குதிரைகள் எங்கே போகின்றன என்று யாருக்கும் தெரியாது. ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

அபி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கங்கையம்மாளின் இட்லிக் கடைக்குப் போனாள். காலையில் பாதித் தெரு அங்கேதான் நிற்கும்.

"இன்னாம்மா, உங்க குதிரை ரோட்ல வுழுந்துடுச்சாமே," என்றார் கங்கையம்மாள்.

உண்மை தொண்டை வரை வந்தது. அபி அதை விழுங்கினாள். அத்தனை பேர் முன்னால் அவள் சேர்ந்தாற்போல் பேசியது அன்றைக்குத்தான்.

"அப்பாதான் காப்பாத்தினாரு. தொட்டுப் பார்த்ததுமே அவருக்குத் தெரிஞ்சிடுச்சு. கல்யாணம்கூட வேணாம்னுட்டாரு. டாக்டரே அவரு செஞ்சது நல்லதுன்னு சொன்னாங்க."

"அசரியாவா? அந்தாளுக்கு இவ்ளோ மனசா?" கங்கையம்மாளின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

ஒன்பதரை மணிக்கெல்லாம் வேப்பமரத்தடியில் கூட்டம். ஒருவர் புல் கட்டோடு வந்தார். ஒருவர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நம்மள மாதிரி ஆளுங்க கல்யாணத்துக்கு ஓட்டினு போயிருப்போம். நீ மனுசன்யா," என்றார் இன்னொருவர். அப்பா முதலில் நெளிந்தார். பிறகு நிமிர்ந்தார். பிறகு எப்படிக் கண்டுபிடித்தார் என்று சொல்லிக் காட்டவே ஆரம்பித்துவிட்டார்.

பத்து மணிக்குச் சம்பந்தத்தின் வண்டி வந்து நின்றது.

"குதிரைய விக்கிறன்னியே," என்றார் சம்பந்தம்.

கூட்டம் முழுவதும் அப்பாவைப் பார்த்தது.

"யாரு சொன்னது? தொரைய நான் விப்பனா?" என்றார் அப்பா.

சம்பந்தம் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார்.

எபி அபியின் பக்கத்தில் வந்து நின்றான். "நீதானேடி காப்பாத்துன. அறையும் வாங்குன. அப்புறம் ஏன்டி அப்படிச் சொன்ன?"

"அந்த வாளியை எடு. தண்ணி ஊத்தணும்," என்றாள் அபி.

நான்கு மாதம் ஆகிவிட்டது. அப்பா அந்தக் கதையை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதில் அபியின் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை. அவர் சொல்லும்போதெல்லாம் அவள் துரையின் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.