தொடுகிற தகடு

கம்ப்யூட்டர் ஏழு தடவை கத்திவிட்டு அடங்கியது.

காசிராஜன் அணைத்துவிட்டு மறுபடி பொத்தானை அமுக்கினார். உள்ளே விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே கிடந்தது. பெட்டி மறுபடியும் ஏழு தடவை கத்தியது. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

செத்தவர்களும் ஏழு பேர்.

மணி இரண்டரை. ஆமத்தூர் ரோட்டில் வெயிலுக்குப் பயந்து ஒரு வண்டிகூட ஓடவில்லை. சன்னல்களை அடைத்துவிட்டு, தனியாக, வேர்வை நாற்றத்தோடு அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். பட்டாசுக் கம்பெனி வெடித்த அன்றைக்கே சொர்ணலட்சுமி மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று நாளாகப் போன் எடுக்கவில்லை. பெண்டாட்டி இல்லாத வீட்டில் சுவர்ப்பல்லி கத்துவதுகூட யாரோ ஜாடை பேசுவது போல இருந்தது.

நாலு மணிக்குச் சூலக்கரையிலிருந்து போலீஸ்காரர்கள் விசாரணைக்கு வருகிறார்கள். பெட்டியைத் தூக்கிப் போவார்கள். அதற்குள் கேமராவில் பதிவான அந்த ஒரு நாள் படத்தை அழித்தாக வேண்டும். உடைத்துப் போட்டால் ஏன் உடைத்தாய் என்பார்கள். செத்த பெட்டியாகக் கொடுத்தால் எவனாவது படித்த பயல் உள்ளே இருப்பதைத் தோண்டி எடுத்துவிடுவான். எடுத்தால் மிச்ச ஆயுள் ஜெயிலில்தான்.

வெம்பக்கோட்டைப் பக்கம் அவருடைய பட்டாசுக் கம்பெனி. எவரையும் நம்பாத மனுசன். வெடிமருந்து கலக்கும் மருந்து ரூம் வாசலில் கேமரா மாட்டி, வீட்டில் இருந்தபடியே வேலையாட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாசலில் ஒரு செம்புத் தகடு உண்டு. அதிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் இறங்கும். உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, தகட்டைத் தொட்டு, உடம்பில் சேர்ந்த கரண்டை மண்ணுக்கு இறக்கிவிட்டுத்தான் மருந்தில் கை வைக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பொறி போதும். இரண்டு தகடு களவு போனது. மூன்றாவதை அவரே கழற்றி வந்து இந்த மேசை இழுப்பறையில் பூட்டிவைத்தார். அதிகாரி வரும் நாளில் மட்டும் மாட்டுவார்.

"மொதலாளி, தொடுற தகடு எங்கன?" என்று மருந்து ரூமில் வேலை பார்த்த பொன்னுத்தங்கம் கேட்டாள்.

"ஒங்க கூட்டத்துல எவ திருடுனாளோ அவகிட்டக் கேளு."

"ஆமா, செம்பத் தின்னுதான் நாங்க பசியாறுறோம்" என்றாள். மற்ற ஆறு பேரும் சிரித்தார்கள்.

மறுநாள் மதியம் மருந்து ரூம் இல்லை. வேப்பமரக் கொப்பில் கூந்தலோடு ஒரு தலைத்தோல் தொங்கியது. தலை வேறு இடத்தில் கிடந்தது. சாக்கில் அள்ளிக் கட்டினார்கள். பொன்னுத்தங்கத்துக்கு முழங்கைக்குக் கீழே இரண்டு கையும் கிடைக்கவே இல்லை. சுவரும் போய்விட்டது. தகடு இல்லாமல் வெறும் நாலு திருகாணித் துளையோடு நின்ற அந்தச் சுவர், இப்போது இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறது.

விருதுநகரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சுஃபியானுக்குப் போன் போட்டு, சத்தமாகக் கேட்கும்படி மேசையில் வைத்தார்.

"ஏழு தடவயா? நான் கேட்டதே இல்லையே. நான் வேணா வரட்டுமா அண்ணாச்சி?"

"நீ வந்து எதக் கழட்டிட்டுப் போவியோ. வாயால சொல்லு, போதும்."

"சரித்தான். ஒங்க வீட்டுக் காப்பி குடிக்க நமக்குக் கொடுப்பின இல்ல. பக்கத்து மூடியக் கழட்டுங்க. உள்ள சாண் நீளத்துல பச்சையா ஒரு பட்ட நட்டுக்க நிக்கும், அதான் ரேமு. தூசி ஏறியிருக்கும். எடுத்து, அழி ரப்பர் வச்சுத் தேச்சு மாட்டுங்க. அதுக்கு முன்னால பெட்டி இரும்ப ஒருக்காத் தொட்டுக்கோங்க. ஒடம்புல கரண்டு இருக்கும்லா, அது பட்டா ரேமு போயிரும்."

காசிராஜனின் கண் மேசை இழுப்பறைக்குப் போனது.



"எனக்குத் தெரியும்லே அதெல்லாம்" என்றார்.

பெட்டியை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றினார். உள்ளே வீட்டுத் தூசி இல்லை. விசிறி இறக்கையிலும் கம்பிகளின் இடுக்கிலும் மாவு போல வெள்ளிப் பவுடர் படிந்திருந்தது. மத்தாப்புக்குப் போடுகிற பவுடர். கம்பெனியிலிருந்து ஒரு பொட்டுக்கூட இந்த வீட்டுக்குள் வந்ததில்லை. கந்தக வாடையோடு, கருகிய மயிர் வாடையும் அடித்தது.

வெளி வாசலில் சத்தம் கேட்டது. யாரோ செருப்பைக் கழற்றிப் போடுகிற சத்தம். பட், பட்.

"சொர்ணம்?"

முன்கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

இரும்பைத் தொட்டார். சுளீரென்று விரலில் அடித்தது. ரேமை உருவி, ரப்பரால் தேய்த்தார். ரப்பர் வெள்ளியாக மாறியது. அவர் விரல்களும் மாறின. பட், பட். இரண்டாவது ஜோடி. தேய்க்கத் தேய்க்க அடுத்தடுத்து விழுந்துகொண்டிருந்தது. எண்ணக்கூடாது என்று நினைத்தும் மனசு எண்ணியது. ரேமை மாட்டி அழுத்தும்போது ஏழாவது ஜோடி விழுந்தது.

பொத்தானை அமுக்கினார்.

இந்தத் தடவை பெட்டி கத்தவில்லை. திரை வெளுத்து, நேராகக் கேமராப் படம் வந்தது. சுவர். நாலு துளை. ஏழு பெண்கள் வரிசையாக வந்தார்கள். தகடு இல்லாவிட்டாலும் பழகிய கை; ஒவ்வொருத்தியும் அந்தத் துளைகளின் மேல் கையை வைத்துவிட்டுப் போனாள். கடைசியாக வந்த பொன்னுத்தங்கம் நின்றாள். கேமராவை நிமிர்ந்து பார்த்தாள்.

அழிக்க வேண்டும். மவுஸைப் பிடித்து நகர்த்தினார். அம்புக்குறி அசையவில்லை. படம் அசைந்தது.

இப்போது திரையில் இந்த அறை. ஒரு நாற்காலி. அதில் ஒரு வழுக்கைத் தலையின் பின்பக்கம். அதற்குப் பின்னால் வாசல். வாசலில் வெள்ளி வெள்ளியாக ஏழு பேர்.

திரும்பினார்.

நின்றார்கள். ஒருத்திக்குத் தாடை இல்லை. ஒருத்திக்கு விலாவுக்குள் பகல் வெளிச்சம் தெரிந்தது. உள்ளே வராமல், எதையோ தேடுவது போலக் கதவோரச் சுவரைத் தடவினார்கள்.

புரிந்துவிட்டது. இழுப்பறையைத் திறந்து தகட்டை எடுத்து நீட்டினார். "இந்தா... இந்தா தாயீ... தொட்டுட்டுப் போயிருங்க..."

முதல் ஆள் வந்து தொட்டாள்.

அடி. கரண்டு மண்ணுக்கு இறங்கக் கம்பி இல்லை. அவர் உடம்புக்குள் இறங்கியது. நகம் இரண்டு பிளந்தது. அடுத்தவள். கடைவாய்ப் பல் வெடித்தது. அடுத்தவள். நாக்கைக் கடித்துத் துண்டாக்கிவிட்டார். வாய் நிறைய ரத்தம். தகட்டை விட முடியவில்லை. கை அதோடு ஒட்டிக்கொண்டது. நாலு. ஐந்து. ஆறு.

பொன்னுத்தங்கம் வந்தாள். தொடக் கை இல்லை. குனிந்தாள். நெற்றியைத் தகட்டில் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள்.

அவள் நிமிர்ந்தபோது காசிராஜனின் புருவமும் காது மயிரும் குத்திட்டு நின்றன.

ஏழு பேரும் உள்ளே வந்து அவரைச் சுற்றிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். கடைசி ஆள் காலால் கதவைச் சாத்திவிட்டுத்தான் உட்கார்ந்தாள். மருந்து சலிக்கும் சல்லடை அசைகிற சத்தம். சர், சர். மேலேயிருந்து வெள்ளிப் பவுடர் இறங்கியது. தரை மறைந்தது. அவர் முழங்கால் மறைந்தது.

அசையக்கூடாது. எதையும் தொடக்கூடாது.

"அண்ணாச்சி, லைன்ல இருக்கீகளா?" மேசையிலிருந்து சுஃபியானின் குரல். "ஓடலேன்னா இன்னொருக்கா இரும்பத் தொட்டுட்டு, மறுபடி மாட்டிப் பாருங்க."

சல்லடை நின்றது. ஏழு பேரும் அவரை நிமிர்ந்து பார்த்தார்கள்.

வலது கை தகட்டிலிருந்து தோலோடு உரிந்து வந்தது. தானாகவே எழுந்தது. திறந்து கிடந்த பெட்டியின் இரும்பை நோக்கிப் போனது. ரத்தம் சொட்டும் விரல் நுனிக்கும் இரும்புக்கும் நடுவே ஓர் அரிசி அளவு இடைவெளி.

அந்த இடைவெளியில் நீலமாக ஒரு பொறி எழுந்து நின்றது.