தெளிஞ்ச தண்ணியில கொலை!

செல்போன் அலறியது.

"மேடம்... ஆத்துல பிணம்!" டிரைவரின் குரல் நடுங்கியது.

"ஆணா, பெண்ணா?"

"ரெண்டும் இருக்கு மேடம். எண்ணி மாளாது. எல்லாம் மீனு!"

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி, குடித்த காபியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினாள்.

ஆற்றங்கரை.

கரை நெடுக வெள்ளை வெள்ளையாய் வயிறுகள்... முட்டையிட மேலேறி வந்த சினை மீன்கள். ஒரு தலைமுறையே மல்லாந்து கிடந்தது!

"எதிர்க்கரை தோல் ஃபேக்டரிக்காரன் வேலைதான் மேடம். அவன் விடுற சாக்கடையில எருமையே செத்துடும்!"

"பேசாம தண்ணியைப் பாருப்பா."

பார்த்தான். வாயைப் பிளந்தான்.

அடியில் கிடந்த கூழாங்கல் வரைக்கும் தெரிந்தது!

"என்ன மேடம்... பன்னீர் மாதிரி இருக்கு?"

"அதான் எனக்குப் பயமா இருக்கு."

தண்ணீரில் ஆக்சிஜன் அளக்கும் மீட்டரை இறக்கினாள். குறையே இல்லை. அப்படியென்றால் மூச்சுமுட்டிச் சாகவில்லை!

ஒரு மீனின் செவுளைத் தூக்கினாள். ரத்தச் சிவப்பாய் இருக்க வேண்டியது... சுண்ணாம்பாய் வெளுத்துக் கிடந்தது.

குழாயில் தண்ணீர் பிடித்து ஒரு சொட்டு மருந்து விட்டாள்.

மஞ்சள்!

"குளோரின்! யாரோ பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டியிருக்கான். அழுக்கு கொல்லலப்பா... வெளுப்பு கொன்னுருக்கு!"

நீரோட்டத்துக்கு எதிராகக் கரையோடு மேலே நடந்தாள். அங்கங்கே சோதித்தாள். மஞ்சள்... மஞ்சள்... மஞ்சள்...

ஒரு கழிவுநீர்க் குழாயைத் தாண்டியதும் மஞ்சள் நின்றுவிட்டது.

டிரைவர் குழாயின் மறுமுனையைக் காட்டினான். "மேடம்... இது சாய ஃபேக்டரி. உங்க தம்பி வேலை பாக்குற..."

"தெரியும்."

கூடப்பிறந்தவன். அவன் பெண்டாட்டி வேறு நிறைமாசம்!

ஃபேக்டரிக்குள் சுத்திகரிப்புத் தொட்டி ஓரம் தம்பி சிரித்தபடி நின்றான். கண் ரெண்டும் சிவப்பு. நீலச் சட்டையில் திட்டுத் திட்டாய் வெள்ளை!

"வாக்கா! தண்ணியைப் பாரு, பளிங்கு! எந்த டெஸ்ட் வேணா பண்ணிக்கோ!"

"எவ்வளவுடா கொட்டினே?"

"கிடங்குல இருந்த அத்தனை மூட்டையும்!"

"குளோரின் போட்டா அது அடங்கினப்புறம்தானேடா ஆத்துல விடணும்?"

"எங்கக்கா நேரம்? நீ வர்றதுக்குள்ள..."

அவன் கையைப் பிடித்து ஆற்றுக்கு இழுத்துப் போனாள். காட்டினாள்.

சிரிப்பு செத்தது.

"அய்யோ... நான் வேணும்னு பண்ணலக்கா! 'அதிகாரியம்மா தம்பியோட ஃபேக்டரியே ஃபெயிலு'ன்னு ஒரு பய உன்னைப் பேசிடக் கூடாதுன்னுதான்..."

"நான் வர்றேன்னு எவன்டா சொன்னான்?"

"மாமாதான்... 'உங்கக்கா நாளைக்கு ஆத்தோர ஃபேக்டரிக்கு திடீர் சோதனைக்குப் போறா, உஷாரா இரு மாப்ள'ன்னு நேத்து போன் பண்ணாரு..."

தலையில் இடி!

மாமா... அவள் புருஷன்! சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னதை அந்த மனுஷன்...

"அடப்பாவி! நான் கிளம்பினது எதிர்க்கரை தோல் ஃபேக்டரிக்குடா! உன் தண்ணியை நாங்க போன வாரமே எடுத்து டெஸ்ட் பண்ணியாச்சு. அது பாஸு!"

தம்பி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா... என்னை விட்டுடேன். அவளுக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு..."

அவள் செத்த மீன்களைப் பார்த்தாள். அதுகளும் நிறைமாசம்தான்.

"உன் பொண்டாட்டியை நான் பாத்துக்கறேன். நீ வண்டியில ஏறு, ஸ்டேஷனுக்குப் போகணும்."

கையைப் பிடித்து அவளே ஏற்றிவிட்டாள்.

செல்போன் மறுபடி அலறியது. புருஷன்!

"என்னம்மா, சோதனை எப்படி?"

"உங்க மச்சினன் மேல கேஸு. ஜாமீனுக்கு ஆள் வேணும்."

"அட, நான் எதுக்கு இருக்கேன்? நானே கையெழுத்துப் போடறேன்!"

"உங்களால முடியாதுங்க."

"ஏன்?"

"முதல் குற்றவாளிக்கு ரெண்டாவது குற்றவாளி ஜாமீன் போட சட்டத்துல இடமில்லீங்க... சட்டையை மாட்டிட்டு வாசல்ல நில்லுங்க, வண்டியில இன்னும் ஒரு சீட்டு காலி!"